ஸ்பிட்டிக்கு மணாலி வழியா, ஷிம்லா வழியா? அப்பாவையும் அழைத்துக்கொண்டு போகிறோம்

மயூர் விஹார் மகள்:

வணக்கம். செப்டம்பர் 26, சனிக்கிழமை விடியற்காலை டெல்லியிலிருந்து எங்கள் காரிலேயே ஹிமாச்சலில் இருக்கும் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குக் கிளம்பலாம் என்றிருக்கிறோம். அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை வருவதால் நான்கு நாள் லீவு போட்டால் மொத்தம் ஒன்பது நாள் கிடைக்கிறது. நானும் கணவரும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். பின் சீட்டில் ஒன்பது வயது மகளும் 68 வயது அப்பாவும்.

இந்தப் பயணமே அப்பாவுக்காகத்தான். தஞ்சாவூர்ப் பக்கம் 36 வருடம் தபால் துறையில் இருந்து சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு எங்களோடு இருக்கிறார். ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவுக்கு மேலே ஹிக்கிம் என்ற கிராமத்தில், 4,400 மீட்டர் உயரத்தில், ஒரு தபால் ஆபீஸ் இருப்பதாகப் பேப்பரில் படித்தார். அங்கே போய்த் தன் கையால் ஒரு கடிதம் போட வேண்டும் என்கிறார். எனக்கு நினைவு தெரிந்து அவர் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்டதே இல்லை.

நாங்கள் போட்டிருக்கும் திட்டம்: முதல் நாள் மணாலி. இரண்டாம் நாள் அடல் சுரங்கம் வழியாகப் போய் சந்திரதால் ஏரி அருகே கூடாரத்தில் தங்கல். மூன்றாம் நாள் குன்சும் கணவாய் தாண்டி காசா. அங்கே மூன்று இரவு. பிறகு கல்பா, ஷிம்லா வழியாக வீடு. கார் 2019 ஸ்விஃப்ட் பெட்ரோல். அப்பாவுக்கு பி.பி. மாத்திரை உண்டு, சர்க்கரை கிடையாது. ஊட்டி, முசோரி தவிர நாங்கள் மலையில் ஓட்டியதில்லை.

இந்த வழி சரியா? ஸ்விஃப்ட் தாங்குமா? பர்மிட் ஏதாவது எடுக்க வேண்டுமா? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆர்.கே.புரம் டிரைவர்:

மேடம், திட்டத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள். ஷிம்லா வழியாக ஏறுங்கள். நான் ஐந்து முறை போயிருக்கிறேன், அதில் ஒரு முறை 70 வயது மாமனாரோடு. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டெல்லி 200 மீட்டர் சொச்சம். மணாலி 2,000. சந்திரதால் 4,250. நீங்கள் சொல்லும் கணக்கில் கிளம்பிய இரண்டாம் இரவே அப்பா 4,250 மீட்டரில் படுக்கிறார். மலையில் எவ்வளவு உயரம் ஏறிப் பார்த்தோம் என்பதைவிட எந்த உயரத்தில் தூங்கினோம் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டர் தாண்டிய பிறகு, ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பார்கள். சந்திரதாலில் நள்ளிரவில் மூச்சு முட்டினால் பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது. ஒரு பக்கம் 4,500 மீட்டருக்கு மேலிருக்கும் குன்சும். இன்னொரு பக்கம் கல்லும் ஓடையுமான பாதை. இருட்டில் எந்தப் பக்கமும் இறங்க முடியாது. அழகான ஏரிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்குக் கிளம்பினால் சோனிப்பத், முர்த்தல் நெரிசலுக்கு முன்னால் தாண்டிவிடலாம். சண்டிகர், சோலன், ஷிம்லா வழியாக அன்று நார்க்கண்டா, 2,700 மீட்டர். ஞாயிறு கல்பா, 2,960. எதிரே கின்னர் கைலாஷ் நிற்கும். அறை ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். திங்கள் எங்கேயும் ஓட்ட வேண்டாம், அங்கேயே இருங்கள். ஆப்பிள் பறிக்கும் சமயம். நம் ஆசாத்பூர் மண்டிக்கு வரும் பெட்டிகள் தோட்டத்திலேயே கட்டப்படுவதைக் குழந்தைக்குக் காட்டலாம். செவ்வாய் தாபோ, 3,280. புதன் தன்கர் மடம் பார்த்துவிட்டு காசா, 3,700 பக்கம். இப்படி ஏறினால் உடம்பு பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

தாபோ மடம் கி.பி. 996-இல் நிறுவப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயில் முடிவதற்குப் பதினான்கு வருடம் முன்பு! மண் சுவர்தான். உள்ளே போய்க் கண் இருட்டுக்குப் பழகியதும் சுவர் முழுக்க ஓவியம் தெரியும். தஞ்சாவூர்க்காரர் அதைப் பார்க்காமல் வரக்கூடாது. உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள்.

ஹிக்கிமுக்கு வியாழக்கிழமையே போங்கள். வெள்ளி காந்தி ஜெயந்தி, தபால் ஆபீஸ் பூட்டியிருக்கும். இதை உங்கள் அப்பாவே முதலில் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். காசாவிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஏறி, கடிதம் போட்டு, டீ குடித்து, தூங்குவதற்குக் காசாவுக்கே இறங்கிவிடுங்கள். மேலே அவரை மெதுவாக நடக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கார். 4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அங்கே நன்றாகவே சோர்ந்துபோகும். ஆனால் ஸ்விஃப்ட் ஏறும், நிறைய பார்த்திருக்கிறேன். முதல் கியரிலேயே நிதானமாக ஏற்றுங்கள். கிளட்சை அரைகுறையாக மிதித்தபடி ஏற்றாதீர்கள். சின்ன கார்கள் மலையில் நின்றுபோவது பெரும்பாலும் கிளட்ச் கருகித்தான். நான்கு பேர் உட்கார்ந்தால் அடிப்பாகம் தாழும், சாமானைக் குறையுங்கள்.

இறங்கும்போதுதான் உண்மையான சோதனை. என் முதல் பயணத்தில் நார்க்கண்டாவிலிருந்து சட்லெஜ் கரைக்கு இறங்கும்போது மூன்றாவது கியரில் பிரேக்கை நம்பியே வந்தேன். பாதி வழியில் கருகிய வாடை. பெடலை அழுத்தினால் பஞ்சு போல உள்ளே போகிறது. கை பிரேக்கும் முதல் கியருமாக எப்படியோ ஓரம் கட்டி, ஒரு மணி நேரம் ஆற விட்டேன். பின் சீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். இன்றும் அந்த இறக்கத்தில் கை வியர்க்கும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

குறுகிய இடத்தில் எதிரே வண்டி வந்தால் ஏறி வருபவருக்குத்தான் வழி விட வேண்டும். திருப்பத்தில் ஹார்ன் அடியுங்கள். ஜியோரி தாண்டினால் பாறை விழும் இடங்கள் நிறைய. 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் ஒரு பஸ்ஸே மண்ணில் புதைந்தது. வழியில் தராண்டா தேவி கோயிலில் எல்லா டிரைவர்களும் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நீங்களும் நிறுத்துங்கள். மழை பெய்தால் அன்று ஓட்டாதீர்கள். செப்டம்பர் கடைசியில் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், நல்ல நாளாகத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

பவாரியில் டாங்கை நிரப்புங்கள், அடுத்து காசாவில். 37 லிட்டர் டாங்குக்கு இது தாராளம், கேன் வேண்டாம். இந்தியர்களுக்கு இந்த வழியில் பர்மிட் கிடையாது. சும்டோ சோதனைச் சாவடியில் கேட்டால் காட்ட ஆதாரும் வண்டிப் பேப்பரும் போதும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

துவாரகாவிலிருந்து ஒரு அம்மா:

மேலே சார் சொன்னதை அலட்சியம் பண்ணாதேம்மா. நாங்கள் மணாலி வழியாக ஒரே நாளில் காசா போனோம். குன்சும் தாண்டி லோசர் கிராமம் வரும்போது என் பையன், பதினோரு வயது, தலை வலிக்கிறது என்றான். வளைவுகளால் என்று நினைத்து எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தேன். ராத்திரி வாந்தி நிற்கவில்லை. கூப்பிட்டால் பதில் குழறுகிறது. காசா ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், விடிந்ததும் கீழே இறங்கச் சொன்னார்கள். தாபோ வந்து மத்தியானம் "பசிக்குது" என்றான். அந்த வார்த்தைக்காக நான் அழுதேன்.

குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. உன் அப்பா வயதுக்காரர்கள் சொல்ல மாட்டார்கள், நமக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று அடக்கிக்கொள்வார்கள். தினமும் காலையில் "தலை வலிக்கிறதா? தூக்கம் வந்ததா? சாப்பாடு பிடிக்கிறதா?" என்று நீயே கேள். தலைவலியோடு இன்னொன்றும் சேர்ந்தால் மேலே ஏறாதே. குறையவில்லையென்றால் இறங்கிவிடு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காசாவில் 90-க்குக் கீழே காட்டும், அதை மட்டும் பார்த்துப் பயப்படாதே, ஆளைப் பார். மலை உயரத்தால் வரும் இந்தக் கோளாறுக்கான டயமாக்ஸ் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை இருக்கிறதா, பி.பி.க்கு என்ன மாத்திரை என்று பார்த்து அப்பாவின் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கரோல் பாக் ரைடர்:

அக்கா, ஒரு பி.எஸ்.என்.எல். சிம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். பிரீபெய்டே போதும், வெளி மாநிலப் பிரீபெய்டு வேலை செய்யாத லடாக் சிக்கல் இங்கே கிடையாது. மேப்பை முன்னாலேயே டவுன்லோட் பண்ணிவிடுங்கள். பணம் கையில் இருக்கட்டும், காசா ஏ.டி.எம்.மை நம்பிப் போகாதீர்கள்.

அப்பாவுக்குச் சோறு வேண்டும் என்றால் சின்ன குக்கர் எடுத்துப் போங்கள். காசாவில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் வைத்தால் நம் புழுங்கலரிசி வேகவே வேகாது.

மயூர் விஹார் மகள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சந்திரதால் போய்விட்டது. நார்க்கண்டா, கல்பாவில் இரண்டு இரவு, தாபோ, காசா என்று அறை சொல்லிவிட்டோம். துவாரகா அம்மா எழுதியதைக் கேட்டதும் அப்பா, "தலை வலித்தால் சொல்லிவிடுகிறேன்" என்று தானாகவே சொன்னார். அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறோம்.

ஒரு சந்தேகம் மிச்சம். திரும்பும்போது குன்சும் வழியாக வரலாமா, போன வழியே திரும்புவதா?

ஆர்.கே.புரம் டிரைவர்:

அதை டெல்லியில் முடிவு செய்யாதீர்கள். வியாழன் சாயங்காலம் காசா டாக்ஸி ஸ்டாண்டில், அன்று மணாலியிலிருந்து வந்த டிரைவரிடம் கேளுங்கள். பாதை நன்றாக இருக்கிறது, வானமும் தெளிவு, எல்லோருக்கும் உடம்பு சரி என்றால் வெள்ளியன்று கீ மடமும் சிச்சம் பாலமும் பார்த்துவிட்டு, சனி விடியற்காலை ஐந்து மணிக்கு குன்சும் நோக்கிக் கிளம்புங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடைகளில் தண்ணீர் கூடும். குன்சும் தாண்டி பாத்தல் என்ற இடத்திலிருந்து கிராம்ஃபு என்ற இடம் வரை வரும் ஓடைகளை மத்தியானத்துக்குள் தாண்டிவிட வேண்டும். ஓடையில் இறங்கியதும் முதல் கியர், நடுவில் நிறுத்தக்கூடாது. சனி இரவு மணாலி, ஞாயிறு டெல்லி. ஞாயிறு 530 கிலோமீட்டர், இருவரும் ஓட்டுவதால் முடியும்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் வெள்ளி காலையே வந்த வழியில் திரும்புங்கள். அன்று கல்பா, சனி ஷிம்லா, ஞாயிறு வீடு. என்னைக் கேட்டால் ஸ்விஃப்டும் அப்பாவுமாக இந்த வழியைத்தான் எடுப்பேன். கீ மடம் போகிறதே என்று வருத்தம் வரும். வியாழன் ஹிக்கிம் முடித்து மத்தியானம் தெம்பிருந்தால் அதையும் பார்த்துவிடலாம், காசாவிலிருந்து 14 கிலோமீட்டர்தான்.

மயூர் விஹார் மகள்:

சரி சார், அப்படியே செய்கிறோம். வந்த வழியே திரும்ப மனதைத் தயார் செய்துகொண்டோம். அங்கிருந்து போடும் கடிதம் உண்மையிலேயே ஊர் வந்து சேருமா என்று மகள் கேட்கிறாள்.

கரோல் பாக் ரைடர்:

சேரும் அக்கா. நான் மதுரைக்கு அம்மா பேரில் போட்டது மூன்று வாரத்தில் வந்தது. முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. பின்கோடு 172114.

மயூர் விஹார் மகள்:

அப்பா இன்று காலை மயூர் விஹார் தபால் ஆபீஸுக்கு நடந்து போய் முப்பது அஞ்சல் அட்டை வாங்கி வந்திருக்கிறார். தன்னோடு வேலை பார்த்தவர்களின் முகவரிகளைப் பழைய டைரியிலிருந்து எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறார். சிலர் இருக்கிறார்களா என்றே தெரியாது, ஒவ்வொரு பெயருக்கும் போன் போட்டு விசாரிக்கிறார். ஒரு அட்டையில் மட்டும் எங்கள் வீட்டு முகவரி, அம்மாவின் பெயர்.