ரவுட்டரில் நேவிட்ரோம்: சில பாட்டுகளுக்குப் பிறகு சர்வர் நின்றுவிடுகிறது, ரீபூட் செய்தால் லைப்ரரியே காலி

இரவுக்குயில்:
வணக்கம். ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) போட்ட ரவுட்டரில் நேவிட்ரோம் ஓட்டுகிறேன், என் பாட்டுகளை ஃபோனில் கேட்க உதவும் மியூசிக் சர்வர். இரண்டு கோர் ஆர்ம் ப்ராசஸர், 256 எம்பி ரேம், 16 எம்பி ஃப்ளாஷ். ஃப்ளாஷில் இடம் பற்றாது என்பதால் நேவிட்ரோம், பாட்டை வேறு வடிவத்துக்கு மாற்றும் எஃப்எஃப்எம்பெக் இரண்டின் பைனரியும் (ப்ரோகிராம் கோப்பும்) யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கின்றன, பாட்டுகளும் அதே டிஸ்கில்தான். பெரும்பாலும் ஃப்ளாக் (தரம் குறையாத பெரிய ஆடியோ கோப்பு), கொஞ்சம் எம்பி3.

ரீபூட் செய்ததும் அருமையாக ஓடும். ஒரு ஆல்பம் முடிவதற்குள் பாட்டு பாதியில் நின்று, ஆப்பில் சர்வர் கிடைக்கவில்லை என்று வரும், சில சமயம் வீட்டில் மொத்த நெட்டும் கூடவே போய்விடும். அதைவிட வேதனை, ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் புதிதாக நிறுவியதைப் போல அட்மின் கணக்கு உருவாக்கச் சொல்கிறது. ப்ளேலிஸ்ட், பிடித்த பாட்டு என்று குறித்து வைத்தது, எதுவும் மிஞ்சுவதில்லை. டிஸ்க்தான் போய்விட்டதோ என்று வேறொன்று மாற்றிப் பார்த்தும் அதே கதை. நாள் முழுக்க எப்படியும் ஓடிக்கொண்டிருக்கிற பெட்டி இது, இதற்காகத் தனிக் கணினி வைக்க விருப்பமில்லை.

கம்பிவடம்:
நின்றவுடன் லாக்ரீட் கட்டளை போட்டு ரவுட்டரின் பதிவில் கடைசி வரிகளைப் பாருங்கள். 'அவுட் ஆஃப் மெமரி, கில்டு ப்ராசஸ்' என்று இருந்தால் சர்வர் தானாக நிற்கவில்லை, ரேம் தீர்ந்து கெர்னல் அதைக் கொல்கிறது என்று அர்த்தம். தளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் (டிஎன்எஸ்) டிஎன்எஸ்மாஸ்க் பலியானால் வீட்டுக்கே நெட் இல்லாதது போல ஆகிவிடும். அப்புறம் ஃப்ரீ கட்டளையில் 'ஷேர்டு' என்ற பத்தியில் எவ்வளவு இருக்கிறது, நேவிட்ரோம் கான்ஃபிகில் டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது, டிஸ்க் எந்த ஃபைல் சிஸ்டம், இந்த மூன்றும் சொல்லுங்கள்.

இரவுக்குயில்:
ஆமாம், அந்த வரி இருக்கிறது. ஒரு தடவை நேவிட்ரோம், இன்னொரு தடவை எஃப்எஃப்எம்பெக். ஷேர்டு பத்தி பாட்டு ஓட ஓட ஏறிக்கொண்டே போகிறது, நூறு எம்பியைத் தாண்டியதும் எல்லாம் விழுகிறது. டேட்டா ஃபோல்டர் வழக்கமான லினக்ஸ் வழிகாட்டியில் சொன்னபடி வார் ஃபோல்டருக்குள், லிப் என்பதற்குக் கீழே. டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ்.

கம்பிவடம்:
சரி, இரண்டு பிரச்சினைக்கும் ஒரே வேர்தான். ஓப்பன்டபிள்யூஆர்டியில் வார் என்பது உண்மையான ஃபோல்டர் இல்லை, டெம்ப் ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் சிம்லிங்க். டெம்ப் இருப்பது ரேமில், ஷேர்டு பத்தியில் ஏறுவது அதுதான். ஓயாமல் எழுதி எழுதி ஃப்ளாஷ் தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள், ரவுட்டருக்கு அது சரியான ஏற்பாடும்கூட. ஆனால் உங்கள் டேட்டாபேஸ், ஆல்பம் படங்களின் கேஷ் (மறுபடி பயன்படுத்தச் சேர்த்து வைப்பது), டிரான்ஸ்கோட் செய்த, அதாவது வேறு வடிவத்துக்கு மாற்றிய பாட்டுகளின் கேஷ் மூன்றும் ரேமில் போய் உட்கார்ந்திருக்கின்றன. படக் கேஷுக்கு நேவிட்ரோமின் இயல்பு அளவு 100 எம்பி, டிரான்ஸ்கோட் கேஷுக்கு இன்னொரு 100 எம்பி. உங்கள் ரேமே 256. பாட்டு கேட்கக் கேட்கக் கேஷ் வளர்ந்து கழுத்தை நெரிக்கிறது, கரண்டு போனால் டேட்டாபேஸும் சேர்ந்து போகிறது.

டேட்டா ஃபோல்டரை டிஸ்குக்கு மாற்றுங்கள், ஆனால் என்டிஎஃப்எஸ்ஸில் வேண்டாம். லினக்ஸில் அதைப் படிக்கும் என்டிஎஃப்எஸ்-3ஜி, கெர்னலுக்கு வெளியே ஃப்யூஸ் வழியாக ஓடுவதால் இந்த மாதிரி சின்ன ப்ராசஸரில் அதுவே பாதி வேலையைத் தின்றுவிடும். பாட்டுகளைப் பத்திரமாக வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு டிஸ்கை முழுக்க லினக்ஸின் எக்ஸ்ட்4 ஆக்கிவிடுவது நல்லது, முடியாவிட்டால் டேட்டாவுக்கு மட்டுமாவது சின்னதாக ஒரு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன். மவுண்ட் செய்யும்போது எஸ்டிஏ1 என்ற பெயரை நம்பாமல் யூயூஐடி (பார்ட்டிஷனுக்கே உரிய அடையாள எண்) கொடுங்கள், இன்னொரு பென்டிரைவ் செருகினால் அந்தப் பெயர் மாறக்கூடும். பைனரியும் டிஸ்கிலேயே இருப்பதால் டிஸ்க் மவுண்ட் ஆன பிறகுதான் சர்வீஸ் தொடங்க வேண்டும், அதைத் தொடங்கும் இனிட் ஸ்கிரிப்ட்டில் டிஸ்குக்காகக் காத்திருக்கும்படி எழுதிவிடுங்கள்.

பழையகேசட்:
கம்பிவடம் சொன்னது முக்கியமானது, அதை முதலில் செய்யுங்கள். ஆனால் 256 எம்பியில் அதோடு முடியாது. பலரும் கவனிக்காத ஒன்று, ஆல்பம் படம். ஃப்ளாக் கோப்புக்குள்ளேயே 3000க்கு 3000 பிக்சல் அட்டைப்படம் பதிந்து வருவது உண்டு. கோப்பாக இரண்டு மூன்று எம்பிதான் இருக்கும், ஆனால் சிறிதாக்குவதற்காக விரிக்கும்போது பிக்சலுக்கு 4 பைட், ஆக ஒரு படத்துக்கே 36 எம்பி ரேம். ஆப்பில் ஆல்பம் பக்கத்தை வேகமாகத் தள்ளினால் பல படங்களை ஒரே நேரத்தில் கேட்கும், அப்போது என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். படங்களை 600க்கு 600 ஆக்கினால் அதே வேலைக்கு ஒன்றரை எம்பிகூட ஆகாது. ஒருமுறை கணினியில் உட்கார்ந்து மொத்தமாக மாற்றிவிடலாம்.

டிரான்ஸ்கோடிங்கை ரவுட்டரில் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டு வைஃபையில் ஃப்ளாக் அப்படியே போகட்டும், சிடி தரத்துக்கு வினாடிக்கு ஒரு மெகாபிட் அளவுதான் வரும், எந்த ரவுட்டருக்கும் அது சுமையில்லை. வெளியே கேட்க வேண்டுமானால் கணினியில் ஓபஸ் வடிவத்தில் 128 கிலோபிட்டுக்கு மாற்றித் தனி ஃபோல்டராக வைத்துக்கொள்ளுங்கள். பல ஆப்கள் அடுத்த பாட்டையும் முன்கூட்டியே இழுக்கும், அதனால் ரவுட்டரில் டிரான்ஸ்கோடிங் வைத்தால் ஒரே ஆள் கேட்டாலும் இரண்டு எஃப்எஃப்எம்பெக் ஓடும்.

கூடவே ரேமில் இருப்பதைச் சுருக்கி இடம் தரும் இசட்ரேம் ஸ்வாப் பேக்கேஜையும் போடுங்கள். நேவிட்ரோம் கோ மொழியில் எழுதியது, அதனால் கோமெம்லிமிட் என்ற சூழல் மாறியில் அது எடுக்கும் ரேமுக்கு ஓர் உச்சவரம்பு கொடுக்கலாம். கோ 1.19இலிருந்து இருக்கும் வசதி. மிகக் குறைவாக வைத்தால் பயன்படாத ரேமை விடுவிக்கும் 'குப்பை அள்ளும்' வேலையிலேயே ப்ராசஸர் மூச்சுவாங்கும், பார்த்து வையுங்கள்.

தனிமரம்:
எனக்கு மாற்றுக் கருத்து. ரவுட்டரின் முதல் வேலை நெட் கொடுப்பது. வீட்டுக்குள் மட்டும் கேட்கப் போகிறீர்கள் என்றால் வீட்டு நெட்வொர்க்கில் பாட்டு பகிரும் மினிடிஎல்என்ஏ சர்வரே போதும், ரேம் மிகக் குறைவாகத்தான் எடுக்கும், பாட்டுக்காக டிஎன்எஸ் சாகிற நிலை வராது.

இரவுக்குயில்:
தனிமரம், வெளியே இருக்கும்போதும் ஃபோனில் கேட்க வேண்டும், ப்ளேலிஸ்ட்டும் வேண்டும், அதனால்தான் நேவிட்ரோம்.

மற்றவர்களுக்கு: டிஸ்கை எக்ஸ்ட்4 ஆக்கி, டேட்டா ஃபோல்டரை அங்கே மாற்றி, டிரான்ஸ்கோடிங்கை நிறுத்திவிட்டேன். நேற்று முழுக்க ஓடியது, ஒரு தடவைகூட விழவில்லை, ரீபூட் செய்தும் ப்ளேலிஸ்ட் அப்படியே இருக்கிறது. ரொம்ப நன்றி, இதற்காக எத்தனை ராத்திரி விழித்தேன் என்று சொல்ல முடியாது! ஆல்பம் படங்களை இனிமேல்தான் மாற்ற வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. டிஸ்க் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் தடுமாறுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் நன்றாக இருக்கிறது. இப்போது ரேம் தாராளமாக இருக்கிறதே?

கம்பிவடம்:
இது ரேம் இல்லை, ரேடியோ. யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழும், இன்டெல் 2012இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. டிஸ்கை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள், நல்ல ஷீல்டு உள்ள கேபிள் போடுங்கள். அதிலும் தீராவிட்டால் போர்ட்டை யூஎஸ்பி 2.0 ஆக மாற்றிவிடுங்கள், சில ரவுட்டர்களில் செட்டிங்கே இருக்கும், இல்லாவிட்டால் 2.0 கேபிளோ ஹப்போ போதும். 480 மெகாபிட்டில் பாதிகூடக் கிடைக்காவிட்டாலும் பாட்டுக்கு அது எக்கச்சக்கம்.

வெளியிலிருந்து கேட்பதற்கு நேவிட்ரோமின் 4533 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வயர்கார்டு விபிஎன் போட்டு அதன் வழியாக வாருங்கள். அதற்கு முன் ரவுட்டரின் வேன் (இணையப் பக்க) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் (நெட் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிரும் முறை) பின்னால் இருக்கிறீர்கள், வெளியிலிருந்து ஐபிவி4இல் நேராக வர முடியாது. ஐபிவி6 இருந்தால் அதில் முயலுங்கள். அதுவும் இல்லாவிட்டால் பொது முகவரி உள்ள சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒன்றை இடையில் வைத்து, ரவுட்டர் அதனுடன் இணைவது போல அமைக்கலாம், ரவுட்டர் பக்கத்தில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 (25 வினாடிக்கு ஒருமுறை இணைப்பை உயிரோடு வைப்பது) கொடுக்க மறக்காதீர்கள். வேன் முகவரியின் முதல் இரண்டு எண்களை மட்டும் இங்கே போடுங்கள், முழுசாகப் போட வேண்டாம்.

இரவுக்குயில்:
100.72. ஐபிவி6 இருக்கிறது, ஃபோனின் மொபைல் நெட்டிலும் இருக்கிறது. இன்று இரவு வயர்கார்டை அதில் அமைத்துவிட்டு முடிவைச் சொல்கிறேன்.