மும்பை ஃபோர்ட் பகுதி மங்களூர் மீன் ஓட்டல்கள்: நண்டை எப்படிப் பார்த்து எடுப்பது, வேறு என்ன சொல்லலாம்?

வைகைக்கரை:
ஜூலை கடைசி வாரம் குடும்பத்தோடு மும்பை போகிறோம். பெரியவர்கள் நாலு பேர், பத்து வயதில் ஒரு பையன். ஒரு மதியச் சாப்பாடாவது ஃபோர்ட் பக்கம் பல வருஷமாக நடக்கும் மங்களூர் மீன் ஓட்டலில் சாப்பிட ஆசை. த்ரிஷ்ணா, மகேஷ் லஞ்ச் ஹோம் என்று இரண்டு பெயர் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே போனாலும் சந்தேகம் ஒன்றுதான். மெனுவில் நண்டுக்கும் முழு வவ்வால் மீனுக்கும் விலை போடாமல் 'ஏ.பி.எஸ்.' என்று போட்டிருக்கிறார்கள். அது என்ன கணக்கு? உயிர் நண்டை மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார்களாமே, அதில் எதைப் பார்க்க வேண்டும்? கஸ்ஸி, புளிமுஞ்சி, சுக்கா என்று இருக்கிறதே, எந்த மீனுக்கு எது பொருந்தும்?

கழிமுகம்:
ஏ.பி.எஸ். என்றால் அளவுக்கேற்ற விலை. நண்டைக் காட்டும்போதே மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: கிலோ என்ன விலை, இந்த நண்டு எத்தனை கிராம், கயிற்றோடு சேர்த்தா கயிறு இல்லாமலா. கொடுக்கைக் கட்டிய சணல் கயிறு தண்ணீரில் ஊறியிருந்தால் நல்ல கனம் இருக்கும். 'பெரியது, நடுத்தரம்' என்று மட்டும் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம், தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய ஓட்டல்களில் இதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தொகையை வாயால் சொல்ல வைத்த பிறகு நண்டு சமையலறைக்குப் போகட்டும்.

அங்கே கிடைப்பது சேற்று நண்டு. நம் சந்தையில் அதிகம் பார்க்கும் நீலக்கால் நண்டு இல்லை. ஓடு தடிமன் என்பதால் ஒரு கிலோ நண்டில் சதை 300 கிராம் வந்தால் நல்ல நண்டு. ஆகவே எடையை விட அது நிறைந்த நண்டா என்பதுதான் முக்கியம். சட்டை உரித்துக் கொஞ்ச நாளே ஆன நண்டுக்குள் சதைக்குப் பதில் தண்ணீர்தான் இருக்கும். தராசில் அதுவும் எடை காட்டும், வெந்ததும் ஒன்றும் மிஞ்சாது. நண்டைத் திருப்பி, வயிற்றுப் பக்கம் கால் முளைக்கும் இடத்துக்கு அருகே ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்தச் சொல்லுங்கள். அமுங்கினால் வேண்டாம். கல் மாதிரி நின்றால் எடுக்கலாம். ஓடு பளபளவென்று புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அழுக்கேறி, கொடுக்கின் பற்கள் மழுங்கியிருந்தால் அது நிறைந்த நண்டாக இருக்கும். ஒரே அளவில் இரண்டு காட்டினால் கையில் கனமானதே சரி.

வயிற்று மடல் குறுகலாக இருந்தால் ஆண். அகன்று வட்டமாக இருந்தால் பெண். கொடுக்குச் சதை வேண்டுமானால் ஆண், சினை வேண்டுமானால் பெண். கால் அசையாத நண்டை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். செத்த நண்டின் சதை சீக்கிரம் கொழகொழத்து, மூக்கில் ஏறும் ஒரு காரவாடை வந்துவிடும். எவ்வளவு பூண்டு போட்டாலும் அது மறையாது.

மாட்டுங்கா மழை:
தேதியைக் கவனியுங்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நீங்கள் போவது அதன் கடைசி வாரம். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-ல் தொடங்கும் தடை ஜூன் 14-ஓடு முடிந்துவிடும். அதனால் ஜூலையில் மும்பை ஓட்டலில் இருக்கும் வஞ்சரமும் வவ்வாலும் பெரும்பாலும் வேறு கரையிலிருந்து ஐஸில் வந்ததாகவோ குளிர்கிடங்கில் இருந்ததாகவோ இருக்கும். சேற்று நண்டு கழிமுகத்திலும் பண்ணையிலும் கிடைப்பது, தடை அதைத் தொடாது. அதனால் உங்கள் காசை நண்டில் போடுவதே புத்திசாலித்தனம்.

மும்பை மீனவர்களான கோளிகள் கடலுக்குத் தேங்காய் விட்டுப் பருவத்தைத் தொடங்கும் நாரளி பௌர்ணமியும், நம் பக்கம் யஜுர்வேதிகள் ஆவணி அவிட்டம் கொண்டாடும் பௌர்ணமியும் ஒன்றே. பயணத்தை அதற்கு அப்புறம் தள்ள முடிந்தால் மீன் வேறு தரத்தில் இருக்கும்.

பெயர்கள்: வஞ்சரம் அங்கே சுர்மை. வெள்ளை வவ்வால் பாப்லெட், கருப்பு வவ்வால் ஹல்வா. காலா மீன் ராவஸ். கானாங்கெளுத்தி பாங்டா. கிழங்கானை மங்களூர்க்காரர்கள் காணே என்பார்கள். வங்கவராசி பொம்பில். மட்டிக்கு மராத்தியில் திஸ்ரியா, துளுவில் மருவாய். மழைக்காலத்தில் மட்டியைத் தவிர்த்துவிடுங்கள். அது தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர், ஊர்ச் சாக்கடை கழிமுகத்துக்குள் அடித்து வரும் மாதங்களில் அதெல்லாம் அதன் வயிற்றில்தான் சேரும்.

பொம்பிலும் கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். உடம்பெல்லாம் தண்ணீராக இருக்கும் மீன், ஐஸில் வைத்தால் தாங்காது. பிளந்து, மேலே கனம் வைத்துத் தண்ணீரைப் பிழிந்த பிறகே ரவையில் புரட்ட வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் வெளியே மொறுமொறு, உள்ளே கஞ்சி. மேசைக்கு வந்த ஐந்து நிமிஷத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

அம்மிக்கல்:
குழம்புக் கேள்விக்கு வருகிறேன். கஸ்ஸி தேங்காய் அரைத்த குழம்பு. பேடகி மிளகாய், மல்லி, சீரகம், கொஞ்சம் வெந்தயம் வறுத்து, தேங்காய், பூண்டு, புளியோடு மை மாதிரி அரைப்பது. பேடகியில் நிறம் அதிகம், காரம் குறைவு. கஸ்ஸி செக்கச்செவேல் என்று இருந்தும் நாக்கைச் சுடாமல் இருந்தால் மிளகாய் சரியானது என்று அர்த்தம். தேங்காய் சேர்த்தபின் தளதளவென்று கொதிக்கவிட்டால் திரிந்து, மேலே தண்ணீரும் கீழே திப்பியுமாகப் பிரியும். அப்படி வந்தால் தயங்காமல் திருப்பி அனுப்பலாம். வஞ்சரம், காலா, இறால் இதற்குப் பொருந்தும்.

புளிமுஞ்சியில் தேங்காய் கிடையாது. புளியும் மிளகாயும்தான். கானாங்கெளுத்தி, மத்தி போன்ற எண்ணெய் மீனுக்காகவே உள்ள குழம்பு. வஞ்சரத்தைப் போட்டால் மீனின் ருசியே தெரியாது. சுக்கா துருவிய தேங்காய் போட்ட வறட்டு வகை. நெய் ரோஸ்ட் குந்தாபுரத்துச் சரக்கு, முதலில் கோழிக்கு வந்தது, இப்போது இறாலுக்கும் நண்டுக்கும் போடுகிறார்கள். நெய்யும் மிளகாயும் சேர்ந்து திகட்டும், ஐந்து பேருக்கு ஒரு தட்டு போதும்.

ஐஸ் மீன் என்று தெரிந்தால் ரவா ஃப்ரை சொல்லாதீர்கள். உருகும்போது நீர் கசிந்து ரவை தோலாக உரிந்து வரும். குழம்பில் அது தெரியாது. பையனுக்கு மட்டும் சுர்மை துண்டு ஒன்று தவா ஃப்ரை, மசாலா குறைத்து. நடுமுள் ஒன்றுதான், எடுத்துக் கொடுப்பது எளிது.

நீர் தோசையை மொத்தமாகச் சொல்ல வேண்டாம். பச்சரிசியை மோர் பதத்துக்குக் கரைத்து ஊற்றுவது. ஆறினால் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடும். ஆளுக்கு இரண்டு, கஸ்ஸி மேசைக்கு வந்தபின் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. இன்னும் இரண்டு: பட்டர் பெப்பர் கார்லிக் நண்டுதான் புகழ்பெற்றது என்கிறார்கள், மசாலா நண்டு சொல்வது தப்பா? ஐந்து பேருக்கு எத்தனை கிலோ? சர்வீஸ் சார்ஜ் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கழிமுகம்:
தப்பில்லை. ஆனால் கேட்டு எடுத்த உயிர் நண்டுக்கு வெண்ணெய்-மிளகு-பூண்டுதான் நியாயம், சதையின் இனிப்பு அப்படியே தெரியும். த்ரிஷ்ணாவின் பெயரே அதில் வந்ததுதான். ஒரு கிலோ நண்டுக்குச் சுமார் 100 கிராம் வெண்ணெய், இரண்டு முழுப் பூண்டு, ஒன்றரை மேசைக்கரண்டி கொரகொரப்பாக இடித்த மிளகு என்பது என் கணக்கு. பூண்டு வெள்ளையாக, மிருதுவாக இருக்க வேண்டும். பழுப்பேறினால் தட்டு முழுக்கக் கசப்பு. நண்டு அளவுக்கு மீறி வெந்திருந்தால் சதை சுருங்கி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். சரியாக வெந்தது முழுசாகக் கழன்று வரும். கண்ணாடி மாதிரி இருந்தால் வேகவில்லை.

கொடுக்கை உடைத்துவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெண்ணெய் உள்ளே இறங்காது. ஐந்து பேருக்கு 1.2 கிலோவில் ஒன்று, கூட வேறு இரண்டு மீன் வகை போதும். 600 கிராமில் இரண்டு எடுத்தால் கிலோ விலை குறையலாம், ஆனால் கொடுக்கில் சதை குறைவு, உடைக்கும் வேலை இரட்டிப்பு. உட்கார்ந்ததும் முதலில் நண்டு சொல்லுங்கள், அரை மணி நேரம் ஆகும். வெண்ணெயைத் துடைத்துச் சாப்பிட நான் ரொட்டி அல்லது பாவ் பன்.

மாட்டுங்கா மழை:
பில்லில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் கட்டாயம். பெரிய நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகமானால் 18. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறையை டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்துவிட்டது. போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், பரிமாறியவருக்குத் தர நினைப்பதைக் கையில் கொடுங்கள். நண்டு வரியில் எடையும் கிலோ விலையும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபோர்ட்டில் அலுவலகக் கூட்டம் ஒரு மணிக்கு இறங்கும். பன்னிரண்டே காலுக்குள் உட்கார்ந்தால் நண்டைப் பொறுமையாகப் பார்த்து எடுக்கலாம். ஞாயிறு என்றால் முன்கூட்டியே போன் செய்து, திறந்திருக்கிறதா, உயிர் நண்டு வந்திருக்கிறதா என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவில் ஆளுக்கொரு சோல் கடி சொல்லுங்கள். கோகமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது, பேடகியோடு மிளகும் சேர்ந்து வயிற்றில் மூட்டும் சூட்டை அது அடக்கும்.