மழை பிடிச்சதும் மண்புழு தொட்டியை விட்டு ஏறுது, உதவுங்க

வேலந்தாவளம்_வீட்டுத்தோட்டம்:
வணக்கமுங்க. பின்வாசல்ல பிளாஸ்டிக் தொட்டியில மண்புழு வளர்க்கறேன். கோடையெல்லாம் உரம் டீத்தூளாட்டம் உதிரியா வந்துச்சு. ஜூன் மாசத்து எடவப்பாதி மழை பிடிச்சதுல இருந்து ராத்திரியானா புழு சுவர் ஏறி மூடிக்கடியில கொத்துக் கொத்தா நிக்குது, காலைல தரையில செத்துக் கிடக்குது. புளிச்ச கள்ளு வாசம் வேற. பொடிப்பொடியா வெள்ளைப் புழுவும் நெறைய. இப்பச் சக்கை, அதான் பலாப்பழ சீசனுங்கறதால தோல் மடல், சுளையைச் சுத்தின சடை எல்லாம் அதுலதான் போடறோம். அடியில ஒழுகற பழுப்புத் தண்ணியை மிளகாய்ச் செடிக்கு ஊத்தலாமுங்களா? எல்லாம் செத்துப் போயிருமோன்னு மனசு அடிச்சுக்குது.

முதலமடை_மாந்தோப்பு:
அக்கா, மூச்சு முட்டித்தான் ஏறுதுங்க. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரத்தோல் வழியாத்தான் சுவாசம். சக்கையில சர்க்கரையும் தண்ணியும் ஜாஸ்தி. மொத்தமா போட்டாப் புளிச்சு, சூடேறி, உள்ள காத்தில்லாமப் போயிரும். அந்த வெள்ளைப் புழு கெடுதல் பண்ணாது, ஆனா புளிப்பு ஏறினா அதுதான் பெருகும்.

இன்னிக்கே சக்கையை வாரி எடுத்துருங்க. அடைச்ச அடித்துளையைக் கம்பியால குத்திவிட்டு, தொட்டியைச் செங்கல் மேல தூக்கி வைங்க. கிழிச்ச அட்டைப்பெட்டியும் காஞ்ச இலையும் தாராளமா கலந்து, கையால மெதுவாப் பிரட்டுங்க. ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரலாம், ஒழுகக்கூடாது. ராத்திரி மூடியைத் திறந்து மேலே பல்பு எரியட்டும். வெளிச்சம் புழுவுக்கு ஆகாது, உள்ளயே இருந்துக்கும்.

கோவிந்தாபுரம்_பசுமை:
அடுப்புச் சாம்பல் அள்ளித் தூவுங்க, புளிப்பு எறங்கும்.

முதலமடை_மாந்தோப்பு:
சாம்பல் வேண்டாமுங்கண்ணா. காரமும் உப்பும் கூடிப் புழுத்தோலை எரிச்சுரும். முட்டை ஓட்டைக் காயவச்சுப் பொடிச்சு ஒரு கைப்பிடி போட்டாப் போதும்.

பொள்ளாச்சி_தென்னந்தோப்பு:
அட்டைக்குப் பதிலா தேங்காய் நார் மில்லுத் தூள் போடறதுன்னா நல்லா அலசிட்டுப் போடுங்க, பச்சைத் தூள்ல உப்பு இருக்கும். பழுப்புத் தண்ணிக்கு யாரும் பதில் சொல்லலை. அது மண்புழு குளியல் நீர் இல்லீங்க. முத்தின உரத்து மேல நல்ல தண்ணியைச் சொட்டவிட்டு வடிக்கறதுதான் குளியல் நீர், அதுல நாத்தம் இருக்காது. பத்துப் பங்கு தண்ணி கலந்து தெளிக்கலாம். இந்தப் புளிச்ச தண்ணியை மிளகாய்க்கு விடாதீங்க, தென்னை மூட்டுல ஊத்திருங்க. நீங்க வாங்கினது ஆப்பிரிக்கப் புழுவா இருக்கும், யூட்ரிலஸ். இடம் பிடிக்கலைன்னா சட்டுனு கிளம்பற சாதி அது.

வேலந்தாவளம்_வீட்டுத்தோட்டம்:
ரொம்ப நன்றிங்க. சொன்னபடி பண்ணினேன், நேத்து ராத்திரி ஒண்ணு ரெண்டுதான் ஏறுச்சு. வாசமும் குறைஞ்சிருக்கு. வாரி எடுத்த சக்கையை என்ன பண்றதுங்க?

முதலமடை_மாந்தோப்பு:
நிழல்ல குவிச்சு, நடுநடுவே காஞ்ச இலையும் சாணியும் அடுக்கி விடுங்க. முதல்ல சூடேறும். அது அடங்கி, கை வச்சாச் சில்லுனு இருக்கணும், ரெண்டு மூணு வாரம் ஆகும். அப்புறம் தொட்டியில ஒரு மூலையில மட்டும் கொஞ்சம் வைங்க. புழு தானா வந்து அதுல கூடினா மீதியைக் கொஞ்சங் கொஞ்சமாப் போடலாம். பச்சைச் சாணியையும் நேரா தொட்டியில போடாதீங்க, 15 நாளாவது ஆறினதா இருக்கோணும். கொட்டையைப் பொறுக்கி வச்சுக்குங்க, குழம்புக்காகும்.