பழனி மலைத்தொடரில் (கொடைக்கானல் பக்கம்) பைக்கில் போக எது நல்ல மாதம்: மாசியா, ஆவணியா?

மதுரைவண்டி:
வணக்கம். நாங்கள் நான்கு பேர், மூன்று பைக். இரண்டு 150 சிசி, என்னுடையது பழைய 100 சிசி. மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல், அங்கிருந்து பூம்பாறை, மன்னவனூர், இறங்கும்போது பழனி என்று மூன்று நாள் திட்டம். எங்களில் இருவருக்கு மலைப்பாதையில் ஓட்டிய பழக்கமே கிடையாது. மாசியில் போகலாம் என்கிறான் ஒருவன். ஆவணியில் போனால்தான் மலை மலையாக இருக்கும் என்கிறான் இன்னொருவன். விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும், அதனால் ஏறி இறங்கியவர்கள் சொல்லுங்கள்.

செம்பட்டிக்காரர்:
தம்பி, தை இல்லையென்றால் மாசி. வேறு யோசனையே வேண்டாம். பன்னிரண்டு வருடமாக அந்தப் பாதையில் ஓட்டுகிறேன். 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்று தெரிந்தும் ஒருமுறை ஐப்பசியில் கிளம்பினேன். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இறங்கும்போது பெருமாள்மலை தாண்டி ஒரு வளைவு. மழை அப்போது நின்றிருந்தது. மேலேயிருந்து தண்ணீர் அடித்துக்கொண்டு வந்த பொடிக்கல்லும் அழுகின இலையும் வளைவின் உள்பக்கம் ஒரு முறம் அளவுக்குக் கிடந்தன. இலைதானே என்று அதன் மேலேயே திருப்பி, பாதித் திருப்பத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன். முன் சக்கரம் போன இடம் தெரியவில்லை. வண்டி என் கால் மேல், சைலன்சர் கெண்டைக்காலில். எதிரே ஏறி வந்த பஸ் நின்றதால் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த ஓட்டுநரே இறங்கி வந்து வண்டியைத் தூக்கிவிட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு முதலில் வேண்டியது காய்ந்த தார். பார்க்க எப்படி இருக்கும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

சாரல்பிரியன்:
அண்ணே, நீங்கள் பட்ட அடி பெரிய அடிதான். ஆனால் நீங்கள் விழுந்தது ஐப்பசியில். அதை ஆவணியின் கணக்கில் எழுதாதீர்கள்.

பழனி மலையின் மழைக் கணக்கு வேறு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையை மூணாறு பக்கத்து மலைகளும் ஆனைமலையும் முன்னால் நின்று வாங்கிக்கொள்கின்றன. அவற்றுக்குக் கிழக்கே தள்ளி நிற்பதால் பழனி மலைக்கு வருவது பெரும்பாலும் மிச்ச மழைதான்: சாரல், காற்று, மேகம். இந்த மலையின் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர், நவம்பரில் கொட்டுவது. ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் காற்றும் தணியத் தொடங்கும். அதிலிருந்து புரட்டாசி முதல் வாரம் வரை கிடைக்கிற சில வாரங்கள்தான் என் கட்சி.

டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி எதிரே பாருங்கள். தலையாறு அருவி, 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமானது. தண்ணீர் இருக்கும் காலத்தில் பார்த்தால் பாறையில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டது போல இருக்கும். மாசியில் போய் நின்றால் ஒரு நூல் தெரியும், அதுவும் தேடினால்தான். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களையும் மன்னவனூர் புல்வெளியையும் பச்சையாகப் பார்க்காமல் இத்தனை கிலோமீட்டர் ஓட்டி என்ன பயன்?

செம்பட்டிக்காரர்:
பச்சை இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. ஆவணியில் தூண் பாறைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் கம்பி வேலி வரைக்கும்தான் தெரிந்தது, அதற்கு அப்பால் வெள்ளை. மாசியில் காலை எட்டு மணிக்குப் போனால் பாறையின் கீறல் வரை எண்ணலாம்.

பூம்பாறைத்தோட்டம்:
இரண்டு பேரும் மாதத்தைப் பேசுகிறீர்கள், மணியைப் பேசவில்லை. நான் பூண்டும் கேரட்டும் போடுகிறவன். வாரம் நான்கு நாளாவது கொடைக்கானலுக்கு பைக்கில் போய் வருகிறேன், எல்லா மாதமும். மழையை விட இங்கே ஆளைக் கெடுப்பது மேகம் இறங்குவது. ஆவணியில் காலையில் நன்றாக இருக்கும் பாதை, மதியம் இரண்டு, மூன்று மணிக்கு மேல் பத்தடி கூடத் தெரியாமல் போகும். ஹெல்மெட் கண்ணாடிக்கு வெளியே ஈரம், உள்ளே மூச்சின் ஆவி. கட்டை விரலால் வெளியே துடைத்துக்கொண்டே, கண்ணாடியை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். ஹைபீம் போட்டால் வெளிச்சம் நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். லோபீம் போதும். சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம், ஆனால் மழையில் அந்தக் கோட்டின் மேலேயே டயரை ஏற்றாதீர்கள், வழுக்கும்.

அப்புறம் காட்டு மாடு. மூட்டத்தில் நடு ரோட்டில் நிற்கும், ஹாரனுக்கு நகராது. எஞ்சினை அணைக்காமல் தள்ளி நின்று வழி விட்டுவிடுங்கள்.

புரட்டாசி பாதிக்கு மேல் மதிய நேரத்தில் இடி மழை வரும். அந்தக் காலத்தில் அடுக்கம் பாதை வழியாகப் பெரியகுளம் இறங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குறுகலான பாதை, மண் சரியும்.

குன்னூர்க்காரி:
இதைப் படிக்கிற யாரும் இந்தக் கணக்கை அப்படியே நீலகிரிக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு காலண்டர். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்கு மழையை நேராக வாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. சாரல்பிரியன் சொல்லும் ஆவணிக்குச் சற்று முன்னால்தான். அந்த நேரத்தில் குன்னூரும் கோத்தகிரியும் அந்த அளவுக்கு நனையாது. எங்கள் முறை ஐப்பசி, கார்த்திகையில் வரும். 2009 நவம்பரில் நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த நவம்பரைப் பார்த்தவர்கள் யாரும் மழையில் இந்தச் சரிவுகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே நீலகிரிக்கு எந்த மாதம் என்று கேட்டால், எந்தப் பக்கம் ஏறுகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

கூட ஒன்று. கியர் இல்லாத ஸ்கூட்டரில் வருகிறோம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். நான் ஓட்டுவதும் அதுதான், ஊருக்குள் மட்டும். நீண்ட இறக்கத்தில் எஞ்சின் பிடித்துக்கொடுப்பது குறைவு, முழுப் பாரமும் பிரேக் மேல் விழும்.

விடுமுறைநாள்:
மே மாதத்தை யாருமே சொல்லவில்லையே? கீழே வெயில் தாங்கவில்லை, பள்ளி விடுமுறை, பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி. பருவமழைப் பயமும் இல்லை.

செம்பட்டிக்காரர்:
அந்த ஆசை ஊர் முழுக்க இருப்பதுதான் சிக்கல். கூட்டம் தாங்காமல்தான் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று எண்ணிக்கையே கட்டினார்கள். கார் வரிசைக்குப் பின்னால் ஏற்றத்தில் பாதிக் கிளட்ச் பிடித்து நகர்ந்து நகர்ந்து போனால், பழைய 100 சிசி வண்டியில் கிளட்ச் பிளேட் வாசனை மூக்குக்கு வரும். புதிதாக ஓட்டுகிறவர் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கத் தடுமாறுவார். மே வேண்டாம்.

சாரல்பிரியன்:
இதில் அண்ணன் பக்கம்தான் நான். ஆனால் தையைச் சும்மா விட மாட்டேன். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பது சமவெளிக்காரர்கள் சொன்னது. 2,100 மீட்டர் உயரத்தில் எப்படி இருக்கும்? ஜனவரியில் ஏரிப் பக்கம், ஜிம்கானா புல்வெளியில் உறைபனி விழும். ஒரு தை மாதம் விடிகாலை ஐந்தரைக்கு மன்னவனூருக்குக் கிளம்பினேன். துணிக் கையுறை. அரை மணி நேரத்தில் இடது கை விரல்கள் கிளட்ச் லீவரை அழுத்துகின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரு வளைவில் கியரைக் குறைக்க முடியாமல் மூன்றாவதிலேயே திருப்பினேன். வண்டியை ஓரம் கட்டி, எஞ்சின் பக்கத்தில் கையை வைத்துக் குளிர் காய்ந்தபோதுதான் விரலில் வலி தெரிந்தது. காய்ந்த தாரில் மட்டும் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று, தைப்பூசம். இவர்கள் பழனி வழியாக இறங்குகிறார்கள். பூசத்துக்கு முந்தைய வாரங்களில் மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து பாதயாத்திரைக் கூட்டம் இரவும் பகலும் சாலை ஓரத்தில் நடக்கும். இருட்டில் பைக்கில் அதற்குள் புகுந்து ஓட்டவே கூடாது.

செம்பட்டிக்காரர்:
பூசத்தை நான் மறந்துவிட்டேன், நீ சொன்னது சரி. தையை விட்டுவிடுகிறேன். மாசியை விட மாட்டேன். மாசி பாதியில் குளிர் தணிந்துவிடும், கூட்டமும் இருக்காது. காட்டுத் தீ தொடங்குவதற்குள், பங்குனிக்கு முன்னால் போய் வந்துவிட வேண்டும். காலையில் ஏழரைக்கு முன் வண்டியை எடுக்காமல் இருந்தால் விரல் பிரச்சினையும் இல்லை.

மதுரைவண்டி:
எல்லோருக்கும் நன்றி. என் 100 சிசி ஏறுமா? கார்புரேட்டர் வண்டி.

பூம்பாறைத்தோட்டம்:
ஏறும். என்னுடையதும் அதுதான். மேலே காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் இழுவை குறைந்த மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். பாரம் ஏற்றாதே, பின்னால் ஆள் வேண்டாம். இறங்கும்போது எந்த கியரில் ஏறினாயோ அதே கியர். கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருட்டக் கூடாது. இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடி. பின் டிரம் சூடாகி வாசனை வந்தால் ஓரம் கட்டி இருபது நிமிடம் ஆறவிடு, தண்ணீர் ஊற்றாதே. ஏறி வருகிற வண்டிக்கு வழி கொடு. பெட்ரோலைக் கொடைக்கானலிலேயே நிரப்பிக்கொண்டு பூம்பாறைப் பக்கம் வா. குடிக்கத் தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு வா, பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை.

மதுரைவண்டி:
முடிவு செய்துவிட்டோம். மாசி, இரண்டாம் வாரம். செவ்வாய் ஏறி வியாழன் இறங்குகிறோம். பழக்கமில்லாத இருவரையும் அதற்கு முன் இரண்டு ஞாயிறு சிறுமலைக்குக் கூட்டிப்போய் வளைவு பழக்குகிறேன். இ-பாஸ் நான் எடுக்கிறேன். என் வண்டிக்குப் பின் பிரேக் ஷூ இந்த வாரமே மாற்றுகிறேன்.

சாரல்பிரியன்:
சிறுமலை நல்ல யோசனை. எனக்கு மாசி இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை, ஆனால் இருவர் புதிது என்பதால் இந்த முறை வாதாடவில்லை. கை பழகிய பின் ஆவணியில் ஒருமுறை வாருங்கள். டம்டம் பாறையில் நானே காத்திருக்கிறேன், காலை ஒன்பது மணிக்கு.

பூம்பாறைத்தோட்டம்:
புதன்கிழமை பூம்பாறைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முந்தின நாள் இங்கே எழுதுங்கள். மதியம் மூன்றுக்குள் மன்னவனூரிலிருந்து திரும்பிவிட வேண்டும். குழந்தை வேலப்பர் கோயில் பக்கம் நிற்கிறேன், டீ என் செலவு.