வீட்டில் கட்டிய பாஸ் ப்ரீஆம்ப்: பேட்டரி ஒரே வாரத்தில் காலி, சத்தமும் உடைகிறது

பாளை பாஸ்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். என்னிடம் இருப்பது பழைய ஜாஸ் பாஸ் வகை பாஸ் கிட்டார், நாலு கம்பி, பேசிவ் (உள்ளே பேட்டரி சர்க்யூட் இல்லாதது). கொடைக் கச்சேரிகளில் மேடையிலிருந்து மிக்ஸர்வரை நீளக் கேபிள் போட்டால் சத்தம் போர்வைக்குள் இருந்து வருகிற மாதிரி மங்கிப்போகிறது. சரி, நாமே ஒரு ஆக்டிவ் ப்ரீஆம்ப் (பேட்டரியில் ஓடி, கிட்டார் சிக்னலைத் தூக்கிக் கொடுக்கும் சின்ன சர்க்யூட்) கட்டிவிடலாம் என்று டிஎல்072 ஐசி, 9 வோல்ட் பேட்டரி வைத்து வெரோபோர்டில் கட்டினேன். கெயினுக்கு, அதாவது சத்தத்தைப் பெருக்குவதற்கு, 100கே ரெசிஸ்டரும் 10கே ரெசிஸ்டரும், அந்த 10கே-க்குக் கீழே கிரவுண்டுக்கு ஒரு 104 கெப்பாசிட்டர் (0.1 மைக்ரோ ஃபாரட்). மங்கல் போய்விட்டது, ஆனால் ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிப்பது) அடித்தால் கிழிகிறது, தடித்த ஈ ஸ்டிரிங் மட்டும் மெலிந்து கேட்கிறது, புது பேட்டரி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஐசியின் 3-ஆம் காலில் 4.5 வோல்ட் இருக்க வேண்டுமாம், என் மஞ்சள் மீட்டர் 2.2 காட்டுகிறது. ஐசி போய்விட்டதா?

அம்பை வயரிங்:
தம்பி, ஐசி நன்றாகத்தான் இருக்கிறது, மீட்டர்தான் உங்களை ஏமாற்றுகிறது. 3-ஆம் காலுக்கு 4.5 வோல்ட் ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாகத்தானே வருகிறது? அந்த மலிவு மீட்டருக்குள்ளும் ஏறக்குறைய 1 மெகா ஓம்தான், ஆக ஆளுக்குப் பாதி என்று பிரிந்து 2.2 காட்டும். அங்கே வைக்காமல் 1-ஆம் காலில் வைத்துப் பாருங்கள், 4.5 பக்கம் வந்தால் பயாஸ் (ஐசியை நடு வோல்ட்டில் நிறுத்துவது) சரி. டிஎல்072-க்குள் இரண்டு ஆம்ப் உண்டு, அப்படியே சும்மா கிடக்கிற இன்னொரு பாதியையும் பாருங்கள்: 5-ஆம் காலை 4.5-க்குக் கொடுத்து, 6-ஐயும் 7-ஐயும் சேர்த்துவிட வேண்டும், அந்தரத்தில் விடக் கூடாது.

கிழிவதற்குக் காரணம் கெயின். 100கே, 10கே என்றால் 11 மடங்கு. ஸ்லாப் அடிக்கிறபோது பிக்கப்பே (கம்பிக்குக் கீழே இருக்கிற காந்தச் சுருள்) ஒரு வோல்ட் பக்கம் தள்ளிவிடும், அதைப் பதினொன்றால் பெருக்கினால் 9 வோல்ட் பேட்டரி எங்கே போகும்? 100கே-யைக் கழற்றிவிட்டு இன்னொரு 10கே போடுங்கள், இரண்டு மடங்கு தாராளம். ஈ ஸ்டிரிங் மெலிவதற்கு அந்த 104-தான் காரணம். 10கே-யோடு 0.1 மைக்ரோ சேர்ந்தால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயின் சரியத் தொடங்கும், ஈ ஸ்டிரிங்கோ 41 ஹெர்ட்ஸ், உங்கள் 11 மடங்கு அங்கே மூன்றுகூட வராது. 10 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக் போடுங்கள், மைனஸ் கால் கிரவுண்டுக்கு.

தென்காசி லோ-எண்ட்:
பேட்டரி விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. கறுப்பு வயரை நேராகக் கிரவுண்டில் பற்றவைத்திருப்பீர்கள், அதனால் கிட்டார் பெட்டிக்குள் தூங்கும்போதும் பேட்டரி ஓடிக்கொண்டிருக்கிறது. டிஎல்072 சுமார் 2.8 மில்லி ஆம்ப் தின்னும், ஆல்கலைன் 9 வோல்ட் ஏறக்குறைய 500 மில்லி ஆம்ப்-மணி, வகுத்தால் ஏழு நாள் சொச்சம், உங்கள் ஒரு வாரம் சரியாக வருகிறது பாருங்கள். ஸ்டீரியோ ஜாக் வாங்கி, கறுப்பு வயரை அதன் ரிங் முனையில் கொடுங்கள். மோனோ பிளக் சொருகினால் அதன் உடம்பே ரிங்கையும் கிரவுண்டையும் சேர்த்துவிடும், உருவினால் ஆஃப். வாசித்து முடித்ததும் கேபிளை உருவ மறந்தால் பழைய கதைதான், நானே எத்தனையோ தடவை மறந்திருக்கிறேன். டிஎல்062 போட்டால் மொத்தமே 0.4 மில்லி ஆம்ப்தான், கால் வரிசையும் அதே, இரைச்சல் மட்டும் கொஞ்சம் கூடும்.

மைக்செட் அண்ணாச்சி:
உங்களுக்குத் தேவை ஒரு பஃபர் (சத்தத்தைப் பெருக்காமல், நீளக் கேபிளைத் தாங்க மட்டும் வைக்கும் சர்க்யூட்), அவ்வளவுதான். பாஸ், ட்ரெபிள் குமிழ்கள் எல்லாம் அப்புறம் பார்க்கலாம், மிக்ஸரில் இல்லாததா? 1976-இல் ஸ்டிங்ரே என்ற பாஸ் கிட்டார் ஆக்டிவாக வந்ததிலிருந்து பாஸ் என்றாலே பேட்டரி வேண்டும் என்று ஒரு நினைப்பு. போர்டைக் கிட்டாருக்குள் திணித்துக் கட்டையைக் குடையவும் வேண்டாம், சின்ன எவர்சில்வர் டப்பாவில் வைத்து ரெண்டடி கேபிளில் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். எவர்சில்வரில் சாதாரண ஈயம் ஒட்டாது, கிரவுண்ட் வயரை நட்டு போல்ட் போட்டு முறுக்குங்கள்.

பாளை பாஸ்:
1-ஆம் காலில் 4.4 வந்தது அண்ணாச்சி! கெயினைக் குறைத்து 10 மைக்ரோவும் மாற்றியாச்சு, ஈ ஸ்டிரிங் இப்போது வயிற்றில் இடிக்கிறது. டப்பா யோசனை அருமை, ஸ்டீரியோ ஜாக்கும் அதிலேயே. நேற்றுக் கச்சேரியில் சீரியல் செட் போட்டதும் ஒரு உறுமல் கிளம்பியது. கம்பியைத் தொட்டால் குறைகிறது, இதுவும் ப்ரீஆம்ப் கோளாறா?

அம்பை வயரிங்:
இல்லை தம்பி, அது கிட்டாருக்குள்ளே ஷீல்டிங் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இல்லாத குறை, ப்ரீஆம்ப் அதைப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. முதலில் இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறந்து வாசியுங்கள், ஜாஸ் பாஸில் அப்போது இரண்டு பிக்கப்பும் ஒன்றின் உறுமலை ஒன்று அடிக்கும். அதற்கும் அடங்கவில்லை என்றால் கிட்டார் கட்டையில் பிக்கப்பும் வயரும் இருக்கும் குழிக்குள் காப்பர் டேப் ஒட்டி, துண்டு துண்டாக இருப்பதை ஈயம் வைத்து இணைத்து, ஒரே ஒரு வயரில் கிரவுண்டுக்குக் கொடுங்கள்.