ஜிலிப்சி ‘கோஸ்ட்’ ஓட்டை வந்த ராத்திரி: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

இரவுப்பணி (கோவை):

லினக்ஸ் சர்வர் பார்த்தவர்களுக்கு 2015 ஜனவரி 27 மறந்திருக்காது. குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ‘கோஸ்ட்’ என்ற பாதுகாப்பு ஓட்டையைப் பற்றி வெளியிட்ட நாள். அப்போது நான் ஒரு சின்ன ஹோஸ்டிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நைட் ஷிஃப்ட். டெபியன் 7 என்ற லினக்ஸ் வகை ஓடும் நாற்பது சர்வர் என் பொறுப்பில்.

ஜிலிப்சி என்பது புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அடிப்படை லைப்ரரி, அதாவது ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு. அது இல்லாமல் அந்த சர்வர்களில் அநேகமாக எந்த புரோகிராமும் நகராது. அதில் ஹோஸ்ட் பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைத் தரும் கெட்ஹோஸ்ட்பைநேம் ஃபங்ஷன் இருக்கிறது. கொடுத்த பெயரில் எண்ணும் புள்ளியும் மட்டுமே இருந்தால், இது ஏற்கெனவே ஐபி முகவரிதானா என்று உள்ளே ஒரு சோதனை நடக்கும். அதற்கு எவ்வளவு மெமரி வேண்டும் என்று கணக்குப் போட்ட இடத்தில் ஒரு பாயின்டருக்கான (மெமரி முகவரியைக் குறித்து வைப்பது) இடத்தைக் கூட்டாமல் விட்டிருக்கிறார்கள். அதனால் 32 பிட் சிஸ்டத்தில் 4 பைட், 64 பிட்டில் 8 பைட், ஒதுக்கிய இடத்துக்கு வெளியே வழியும். அந்தச் சிறு வழிசலை வைத்தே, எக்ஸிம் மெயில் சர்வர் ஒன்றை வெளியிலிருந்து கைப்பற்றிக் காட்டியிருந்தார்கள். எங்களிடம் ஓடியதும் எக்ஸிம்தான்.

கண்ணால் பார்த்துவிடலாம் என்று டெஸ்ட் சர்வரில் பிஹெச்பியில் ஒரு வரி எழுதினேன். பூஜ்யத்தை 2500 தடவை ஒட்டி ஹோஸ்ட் பெயராகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். என்டர் தட்டியதும் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று வந்து நின்றது. தொடக்கூடாத மெமரியைத் தொட்டு புரோகிராம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். வெறும் பூஜ்யங்கள்! அந்த ஏசி அறையில் எனக்கு வியர்த்தது.

டெபியனின் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வந்திருந்தது. ஒவ்வொரு சர்வராக ஏற்றினேன். குவாலிஸ் தந்த சின்ன சோதனை புரோகிராம் ஒன்று உண்டு. பஃபருக்கு (தற்காலிகமாக ஒதுக்கிய மெமரி) பக்கத்தில் ஒரு சொற்றொடரை வைத்து, அது அழிகிறதா என்று பார்க்கும். நாற்பதிலும் ‘பாதிப்பில்லை’ என்றே வந்தது. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

காலையில் வந்த சீனியர் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: “எக்ஸிம்ம ரீஸ்டார்ட் பண்ணீட்டயா தம்பி?”

பண்ணவில்லை. எந்த புரோகிராம் எந்தக் கோப்பைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும் எல்எஸ்ஓஎஃப் கமாண்டை அவர் போட்டுக் காட்டினார். எக்ஸிம் வரிசையில் ஜிலிப்சி கோப்புக்கு நேரே ‘டெல்’ என்று இருந்தது. அழிக்கப்பட்ட பழைய கோப்பு, ஆனால் மெமரியில் இன்னும் உயிரோடு. சோதனை புரோகிராம் புதிதாகத் தொடங்கியதால் புதிய லைப்ரரியை எடுத்துக்கொண்டது. இரண்டு மாதமாக நிற்காமல் ஓடும் எக்ஸிம் பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது. எந்தச் சர்வருக்காகப் பயந்தேனோ, அதுதான் ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தது. நாற்பதையும் ரீபூட் செய்து முடிக்க மதியம் ஆகிவிட்டது.

இன்றைக்கும் ஆறாத ஒன்று: 2000 நவம்பரில் வந்த ஜிலிப்சி 2.2 பதிப்பிலிருந்தே இந்த ஓட்டை இருக்கிறது. 2013 மே மாதமே சரியும் செய்துவிட்டார்கள்! பாதுகாப்புப் பிரச்சினை என்று யாருக்கும் படாததால் அது சாதாரண பிழைத்திருத்தமாகவே போய்விட்டது. அதனால் டெபியன் 7, சென்ட்ஓஎஸ் 6, 7, உபுண்டு 12.04 என்று ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் வகைகள் எதற்கும் அது வந்து சேரவில்லை. மருந்து கடையிலேயே இருந்தும் ஒன்றரை வருடத்துக்கு மேல் நோயாளிக்குக் கொடுக்கவில்லை.

மழைத்துளி (சென்னை):

எங்களுக்கு அடி விழுந்தது அடுத்த வருடம். 2016 பிப்ரவரி 16, அதே ஜிலிப்சி, இந்தத் தடவை பெயருக்கு முகவரி தேடித் தரும் இன்னொரு ஃபங்ஷனான கெட்ஆட்ரின்ஃபோ. பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வரின் பதிலுக்கு, ஸ்டேக் என்ற மெமரிப் பகுதியில் 2048 பைட் ஒதுக்கியிருக்கும். பதில் அதைவிடப் பெரிதாக வந்தால் சில சமயம் வேறு பஃபர் ஒதுக்கிவிட்டு, அளவை மட்டும் புதியதாக வைத்துக்கொண்டு பழைய இடத்திலேயே எழுதிவிடும். 2008இல் வந்த 2.9 முதல் இந்தப் பிழை.

அது வெளியே வந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கூகுள் எஞ்சினியர் ஒருவருக்குக் குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் புரோகிராம்) போட்டால் மட்டும் ஒவ்வொரு தடவையும் கிராஷ். கோளாறு எஸ்எஸ்ஹெச்சில் இல்லை, ஜிலிப்சியில் என்று துருவிக் கண்டுபிடித்தார்கள். பார்த்தால், 2015 ஜூலையிலேயே அந்தப் பிழையை ஒருவர் ஜிலிப்சி குழுவுக்குத் தெரிவித்திருக்கிறார். ரெட்ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்துக்காரர்கள் இரண்டு பேரும் தனியாக அதையே நோண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிறகு சேர்ந்து வேலை செய்தார்கள்.

நாங்கள் சர்வர் எல்லாவற்றையும் பேட்ச் போட்டு ரீபூட்டும் செய்தோம். கன்டெய்னர்களை, அதாவது தனக்கு வேண்டிய கோப்புகளையெல்லாம் ‘இமேஜ்’ என்ற ஒரே பொதியில் கட்டி சர்வருக்குள் தனியாக ஓடும் புரோகிராம்களை, மறந்துவிட்டோம். ஒவ்வொரு இமேஜுக்குள்ளும் அதனதன் ஜிலிப்சி இருக்கிறதே! வெளியே புதுசு, உள்ளே பழசு. மூன்றாம் நாள்தான் உறைத்தது. ஜிலிப்சிக்குப் பதில் மசல் என்ற லைப்ரரி வைத்திருக்கும் ஆல்பைன் லினக்ஸ் இமேஜ்கள் மட்டும் தப்பின. மற்றதையெல்லாம் திரும்ப பில்ட் பண்ணினோம்.

கத்துக்குட்டி:

அண்ணா, வீட்டு ரவுட்டரும் லினக்ஸ்தானே? அதுக்கும் கோஸ்ட் வருமா?

இரவுப்பணி:

எல்லா ரவுட்டருக்கும் இல்லை தம்பி. நிறைய ரவுட்டர்களில் ஜிலிப்சிக்குப் பதில் யூசிலிப்சி என்ற சின்ன லைப்ரரி இருக்கும். அதில் கோஸ்ட் கிடையாது. உங்களுடையதில் எது என்று ஃபர்ம்வேர் விவரத்தில் பாருங்கள்.

மழைத்துளி அக்கா, கன்டெய்னர் விஷயத்தை நான் இதுவரை இப்படி யோசித்ததே இல்லை. எங்களிடம் இரண்டு வருடமாகத் தொடாத இமேஜ் ஆறேழு ஓடுகிறது. இன்று ஷிஃப்ட் ஏறியதும் முதலில் அதைத்தான் திறந்து பார்க்கப் போகிறேன். என்ன பதிப்பு இருந்தது என்று இங்கேயே வந்து எழுதுகிறேன்.