புதுப்பிப்பு: திறந்தவுடன் மூடிக்கொண்ட வடிவமைப்பு மென்பொருள்

திருகோணமலை உட்துறைமுக வீதியிலுள்ள எங்கள் அச்சகக் கணினியில், பக்க வடிவமைப்பு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியதிலிருந்து அது திறந்தவுடனேயே மூடிக்கொள்வதாக முன்னர் எழுதியிருந்தேன். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில், நினைவக அணுகல் மீறல் (தனக்கு அனுமதியில்லாத நினைவகப் பகுதியைச் செயலி தொட முயலும் பிழை) நேர்ந்த இடமாக எம்எஸ்விசிபி140.டிஎல்எல் காட்டப்பட்டிருந்தது. சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்ட செயலிகள் இயங்கும்போது பயன்படுத்தும் பொது நூலகமான அக்கோப்பு, விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் புதியதாகவே இருந்தபோதிலும், மென்பொருளின் சொந்தக் கோப்புறையில் பழைய பிரதியொன்று தங்கியிருந்தது. விண்டோஸ் முதலில் தேடுவது அங்கேதான். செயலிகளை உருவாக்கும் மைக்ரோசொஃப்ட் கருவியான விஷுவல் ஸ்டூடியோ 2022 இன் 17.10 பதிப்பில், மியூடெக்ஸ் (ஒரே தரவைப் பல பணிகள் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டு) உருவாக்கப்படும் முறை மாற்றப்பட்டதால், அதனைக் கொண்டு தொகுக்கப்பட்ட செயலி பழைய நூலகத்துடன் இணையும்போது, முதற் பூட்டிலேயே வெற்றுச் சுட்டியில் (எந்த நினைவக இடத்தையும் காட்டாத முகவரியில்) இடறி விழக்கூடும். பழைய பிரதியின் பெயரை மாற்றியதும் மென்பொருள் திறந்தது. மீளநிறுவுமாறு கூறிய நண்பர்களுக்கு: நிறுவல் நிரல் அப்பழைய பிரதியைத் தொடுவதேயில்லை, ஆகையால் அவ்வழி பயனளிக்கவில்லை.